வாசல் மரத்தில் கை வைப்பதற்கு முன்னால்: சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

சென்னையில் குடிவந்த முதல் வருடத்திலேயே ஏதாவது ஒரு மரப் பிரச்சினை வந்துவிடும். மாடி ஜன்னலில் கிளை உரசும். இ.பி. லைன் மேல் தென்னை மட்டை விழும். பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து கம்பளிப்பூச்சி சுவர் ஏறி வரும். அக்டோபர் பிறந்து பருவமழை நெருங்கிவிட்டால் வாசல் மரத்தைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். உடனே யாராவது ஒருவர், "நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில வந்து முடிச்சிடுவாங்க" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஆதம்பாக்கத்தில், 12 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம். நாங்கள் வந்த புதிதில் மழைக்குப் பயந்து தனியார் ஆட்களை அழைத்தோம். கூலியில் பாதியைப் பணமாகவும் மீதியை விறகாகவும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். விறகு எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு அவர்களுக்கு லாபம். மதியத்துக்குள் மரம் மொட்டையாக நின்றது. மறுநாள் வார்டு ஊழியர் வந்து "அனுமதிக் கடிதம் எங்கே?" என்று கேட்டார். காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. மரம் எங்களுடையது என்றே நினைத்திருந்தோம். ஆனால் அடிமரம் நின்றது கேட்டுக்கு வெளியே ஒன்றரை அடி தள்ளி, நடைபாதையில். அடுத்த மழைக்காலத்தில் அந்த மொட்டையிலிருந்து கொத்தாகக் கிளம்பிய புதுக் கிளைகளில் இரண்டு, சாதாரணக் காற்றுக்கே முறிந்து கீழே நின்ற ஸ்கூட்டர் மேல் விழுந்தன. மழைக்குப் பயந்து செய்த காரியம் அந்தப் பயத்தை நிஜமாக்கிவிட்டது. அதன் பிறகுதான் கார்ப்பரேஷன் அலுவலகத்துக்கு நடந்து, கேட்டுக் கேட்டு, முறையைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் வேர் எங்கே என்று பாருங்கள்

கிளை எங்கே நீண்டிருந்தாலும் சரி, அடிமரம் மண்ணை விட்டு எழும்பும் இடம் யாருடைய நிலம் என்பதுதான் முதல் கேள்வி. காம்பவுண்டுக்கு வெளியே, தெருவோரத்தில், நடைபாதையில், பூங்காவில் நிற்கும் மரம் பொது மரம். நீங்களே நட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாலும் அப்படித்தான். அதில் ஒரு கிளையைக்கூட நாமாக வெட்டக்கூடாது. வெட்டிய கட்டையும் நம்முடையது அல்ல.

பொது இடம் என்றாலும் எல்லாமே மாநகராட்சியினுடையது அல்ல. உள் தெருக்கள் மாநகராட்சியிடம் இருக்கின்றன. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம். ரயில் பாதையோர மரத்துக்கு ரயில்வே, கோயில் நிலத்து மரத்துக்குக் கோயில் நிர்வாகமும் அறநிலையத் துறையும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் புன்னை தலமரம் என்பது போல, சில மரங்களுக்குச் சட்டத்துக்கு முன்பே ஊர் காவல் இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் தவறுகிற இன்னோர் இடமும் உண்டு. முகவரியில் சென்னை என்று இருந்தாலும் குரோம்பேட்டையும் பல்லாவரமும் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. ஆவடி தனி மாநகராட்சி. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், எந்த மாநகராட்சி, எந்த மண்டலம், எந்த வார்டு என்று அதிலேயே இருக்கும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் அந்த எண் இல்லாவிட்டால் காகிதம் இரண்டு மேஜை கூடுதலாகச் சுற்றும்.

சட்டம் எங்கே இருக்கிறது

டெல்லிக்கு 1994-லும் கர்நாடகத்துக்கு 1976-லும் மகாராஷ்டிர நகரங்களுக்கு 1975-லும் மரப் பாதுகாப்புக்கென்றே சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 1955-ல் வந்த மரப் பாதுகாப்புச் சட்டம் மலைப்பகுதிகளுக்கானது. ஊட்டியில் வீடு வைத்திருக்கும் உறவினர் சொல்லும் விதிகளை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது. இங்கே மரத்துக்கான பாதுகாப்பு பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது: நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம், மின்சாரச் சட்டம், வனவிலங்குச் சட்டம், பொதுச் சொத்துச் சேதத்தைத் தடுக்கும் 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் என்று. இப்படிச் சிதறிக் கிடப்பதால்தான் "சென்னையில் யாரும் எதையும் வெட்டலாம்" என்ற பேச்சு உலவுகிறது. அது தவறு.

பொது நிலத்து மரத்தை முழுதாக வெட்ட வேண்டுமானால் மாவட்டப் பசுமைக் குழு பார்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் குழு அது, வனத்துறையினரும் அதில் உண்டு. வெட்டுவதைத் தவிர்க்கவே முடியாது என்றால்தான் ஒப்புதல். வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நட வேண்டும் என்பது விதி. கிளை கழிப்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மண்டல அலுவலகத்துப் பூங்காத் துறையே செய்துவிடும்.

அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியம்.

கிளையா, மரமா?

"மரத்தை எடுக்கணும்" என்று வருகிற புகார்களை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் பிரச்சினை ஒன்றிரண்டு கிளைகள்தான். ஜன்னலில் உரசுகிறதா? அந்தக் கிளை. தெருவிளக்கை மறைக்கிறதா? அந்தப் பக்கத்துத் தழை. இலைக் குப்பை விழுகிறதா? அதற்குத் துடைப்பம் போதும். இதையெல்லாம் கவாத்தில், அதாவது வேண்டிய கிளையை மட்டும் கழிப்பதில், தீர்க்கலாம்.

மரமே ஆபத்தாக இருப்பதற்கு வேறு அறிகுறிகள் உண்டு. அடிமரத்தைச் சுற்றி ஒரு பக்கத்து மண் மட்டும் வெடித்துத் தூக்கியிருந்தால் கவனியுங்கள். முன்பு நேராக நின்ற மரம் சமீபத்தில் சாய்ந்திருந்தாலும், தண்டின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தாலும் கவனிக்க வேண்டும். பக்கத்தில் கேபிளுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டி வேரை அறுத்திருந்தால் இன்னும் அவசரம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. எங்கள் பகுதியில் விழுந்தவற்றை நான் நடந்து பார்த்தேன். பல மரங்களின் அடியில் வேர் உருண்டையாக, தொட்டியிலிருந்து பிடுங்கிய செடி போல இருந்தது. சுற்றிலும் சிமென்ட் போட்டு, ஒரு பக்கம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி, வேர் ஓட இடமே இல்லாமல் செய்திருந்தார்கள். உங்கள் வாசல் மரத்தின் தண்டு வரைக்கும் சிமென்டோ டைல்ஸோ இருந்தால், மரத்தை எடுக்கக் கேட்பதற்கு முன் அந்தச் சிமென்டை எடுக்கக் கேளுங்கள். தண்டைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் தெரிய வேண்டும். டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் சொன்ன அளவு அது. நம் ஊர் மரத்துக்கும் அந்த அளவு தேவைதான்.

தண்டில் பொந்து இருப்பதால் மட்டும் மரம் செத்துவிடாது. உயிரோட்டம் பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரத்தில் நடு அடிமரமே 1989-ல் விழுந்துவிட்டது. விழுதுகள் தாங்க, மரம் இன்றும் நிற்கிறது.

மனு எழுதுவது

வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. இரண்டு வழியிலும் பதிவு செய்யுங்கள். ஒன்று, மாநகராட்சியின் 1913 எண் அல்லது நம்ம சென்னை செயலி. அதில் புகார் எண் கிடைக்கும். இன்னொன்று, மண்டல அலுவலகத்தில் கையில் கொடுக்கும் மனு. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை போட்ட தாளைப் பத்திரமாக வையுங்கள்.

படங்கள் மூன்று போதும். தெருவோடு சேர்த்து முழு மரம், பிரச்சினை உள்ள கிளை அல்லது தண்டு, அடிமரமும் காம்பவுண்டுச் சுவரும் ஒன்றாகத் தெரியும்படி ஒன்று. மூன்றாவது படத்தைப் பலரும் எடுப்பதில்லை, ஆனால் மரம் யாருடையது என்பதை அதுதான் சொல்லும்.

மனு இந்த மாதிரி இருந்தால் போதும்:

"ஐயா, எங்கள் வீட்டு (கதவு எண், தெரு, வார்டு எண்) வாசலில், நடைபாதையில் சுமார் 30 அடி உயரமுள்ள புங்க மரம் ஒன்று உள்ளது. அதன் கிழக்குப் பக்கக் கிளை ஒன்று மின்கம்பிக்கு மிக அருகில் சென்றுள்ளது. அந்தக் கிளையை மட்டும் பருவமழைக்கு முன் முறையாகக் கவாத்து செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறோம். மரத்தை அகற்ற வேண்டியதில்லை. படங்கள் இணைத்துள்ளோம்."

"மரத்தை அகற்ற வேண்டியதில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "ஆபத்தான மரம்" என்று பொதுவாக எழுதிவிட்டு, பிறகு ஆட்கள் வந்து அடியோடு சாய்க்கும்போது தெருவே கூடி அழுவதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டியது எதுவோ, அதை மட்டும் எழுதுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். அக்டோபர் நடுவில் கொடுத்தால் ஊரே வரிசையில் நிற்கும்.

பார்வையிட வரும்போது கட்டாயம் வீட்டில் இருங்கள். எங்கள் வேப்பமரத்தைப் பார்க்க வந்த பூங்காத் துறைப் பெரியவர் ஒருவரை மறக்க முடியாது. அருவாளைத் திருப்பிப் பிடித்து, அதன் முதுகால் தண்டைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று பக்கம் 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்டது. தெற்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் மட்டும் 'டம்' என்று பானையைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். அங்கே விரலை வைத்து அழுத்தினார், பட்டை உள்ளே போனது. கரையான். "இந்தப் பக்கத்துப் பாரத்தைக் குறைச்சிட்டா போதும்மா, மரம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, எந்தக் கிளை என்று சுண்ணாம்பால் கோடு போட்டார். அந்த வேம்பு இன்னும் நிற்கிறது.

சொந்தக் காம்பவுண்டுக்குள் என்றால்

உங்கள் நிலத்தில், உங்கள் மாமரத்தின் காய்ந்த கிளையைக் கழிப்பதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. முழு மரத்தை எடுப்பதாக இருந்தால், முன்கூட்டியே மண்டல அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள் என்பது என் உறுதியான ஆலோசனை. அடிமரம் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வந்தால் அந்தக் கடிதம் காப்பாற்றும். வெட்டும் நாளில் தெருக்காரர்கள் போலீசைக் கூப்பிட்டாலும் அதுதான் கைகொடுக்கும். அடுக்குமாடி என்றால் மரம் எல்லோருக்கும் பொது. செயலாளர் தனியாக முடிவெடுக்கக் கூடாது. கூட்டம் போட்டுத் தீர்மானத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

சில மரங்கள் சொந்த நிலத்தில் இருந்தாலும் விதி வேறு. சந்தன மரத்தை வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான் நடக்க வேண்டும். தோதகத்தி எனும் ஈட்டி மரத்துக்குத் தனிச் சட்டமே இருந்தது, 2025-ல் அதன் காலம் முடிந்துவிட்டது. வெட்டிய தேக்கை லாரியில் ஏற்றுமுன் அனுமதிச் சீட்டு தேவையா என்று வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், 1968-ஆம் ஆண்டின் மரக்கடத்து விதிகள் இன்னும் நடைமுறையில் உள்ளன. சீமைக் கருவேலத்துக்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம். அதை அகற்றத்தான் நீதிமன்றமும் அரசும் சொல்லி வருகின்றன.

பக்கத்து வீட்டு மரம்

கிளை உங்கள் பக்கம் நீண்டிருந்தால் எல்லைக் கோடு வரை வெட்டிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. சுவர் ஏறி அவர்கள் பக்கம் போய் வெட்டவோ, மரமே பட்டுப்போகும்படி வேரில் எதையாவது ஊற்றவோ உரிமை இல்லை. உரிமை இருந்தாலும் முதலில் போய்ப் பேசுங்கள். "அண்ணே, இந்தக் கிளை எங்க தண்ணித் தொட்டி மேல இலையைக் கொட்டுது, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஆள் வச்சுக் கழிச்சிடலாமா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சரி என்பார்கள். மாங்காயைப் பங்கு கேட்காமல் இருந்தால் பத்துப் பேருமே சரி என்பார்கள்.

மரம் விழும் நிலையில் இருக்கிறது, உரிமையாளர் கேட்க மறுக்கிறார் என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். இதற்கான சட்டப் பிரிவு முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. விழக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிடலாம் என்கிறது அது. முட்டுக் கொடுப்பதைச் சட்டமே ஒரு வழியாகச் சொல்லியிருக்கிறது. மனுவில் அதையும் கேளுங்கள்.

இ.பி. லைன்

மின்கம்பிக்கு அருகில் உள்ள கிளையை நீங்களோ கூலி ஆளோ தொடவே கூடாது. ஈரக் கிளை வழியாக மின்சாரம் பாயும். உயிர் போய்விடும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். சப்ளையை நிறுத்திவிட்டு அவர்கள் ஆட்களே கழிப்பார்கள். அவர்கள் வரும்போது பூங்காத் துறை ஆளும் இருந்தால் நல்லது. கம்பிப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுப் போனால் பாரம் ஒரே பக்கமாகி மரம் சாயும். கம்பி வருவதற்கு முன்பே அங்கே நின்ற தனியார் மரத்தை மின்தடத்துக்காக வெட்டினால், 2003 மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவின்படி உரிமையாளருக்கு நஷ்டஈடு உண்டு.

வெட்டும் நாளில் நீங்கள் கீழே நிற்க வேண்டும்

முதலில் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். 1972 வனவிலங்குச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதை வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. தூங்குமூஞ்சி மரங்களில் மடையானும் வக்காவும் கூட்டமாகக் கூடு கட்டும். குஞ்சு பறக்கும் வரை சில வாரங்கள் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

கனமான கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், விழும்போது தண்டின் பட்டையைக் கோவணம் போலக் கிழித்துக்கொண்டு இறங்கும். அந்தக் காயம் ஆறாது. முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுக்க வேண்டும். அப்புறம் அதற்குச் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்க வேண்டும். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாக, கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம் போல் தடித்திருக்குமே, அதற்கு வெளியே எடுக்க வேண்டும். அந்த வளையம்தான் காயத்தை மூடும் தசை. தண்டோடு ஒட்டவும் கூடாது, முக்கால் அடி குச்சியாக விடவும் கூடாது. வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூச வேண்டாம்.

ஒரு தடவையில் தழையில் கால்வாசிக்கு மேல் எடுக்க விடாதீர்கள். "மொட்டையடிச்சா ரெண்டு வருஷம் கவலையில்ல" என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். தனியார் ஆளை வைத்தால் கூலியை முழுக்கப் பணமாகவே பேசுங்கள். விறகைக் கூலியில் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். ஏறுபவருக்குக் கயிறு, ஹெல்மெட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலையை நிறுத்துங்கள், அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

யாரோ வெட்டிக்கொண்டிருந்தால்

காலையில் பவர் ரம்பச் சத்தம் கேட்டு ஓடுகிறீர்கள். சண்டை போட வேண்டாம். "அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். இல்லையென்றால் படம், வீடியோ எடுத்துக்கொண்டு 1913-க்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லுங்கள். ஞாயிறும் பண்டிகை நாளும்தான் இதற்குத் தோதான நாட்களாக வெட்டுபவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பெயர்ப்பலகை தெரியவில்லை என்று கடைக்காரர்கள் வெட்டுவதும், மரத்தில் ஆணி அடித்து டியூஷன் விளம்பரம் மாட்டுவதும் இதே கணக்குத்தான். அனுமதி வாங்கியதாகச் சொல்லிக் காட்ட மறுத்தால், 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு உத்தரவின் நகலையும், எத்தனை கன்று எங்கே நட்டார்கள் என்பதையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மரம் விழுந்தேவிட்டால் எதையும் தொடாமல் 1913-க்குச் சொல்லுங்கள். ஆள் சிக்கியிருந்தால் 112. அறுந்த கம்பி கிளைக்கு அடியில் மறைந்திருக்கலாம், பிள்ளைகளை நெருங்கவிடாதீர்கள்.

எடுத்த இடத்தில் மறுபடி நடும்போது

மேலே கம்பி போகிற பக்கம் என்றால் பூவரசு, மகிழம் போல அடக்கமாக வளர்வதை நடலாம். அகலமான தெருவுக்குப் புங்கன், வேம்பு. சீக்கிரம் வளர்கிறதென்று கோனோகார்பஸ் வாங்க வேண்டாம், அதை நட அரசே தடை விதித்துவிட்டது. மழை தொடங்கும்போது நட்டால் முதல் மூன்று மாதம் தண்ணீர்க் கவலை குறையும். கோடையில் வாரம் இரண்டு முறை ஒரு வாளி.

கன்றைச் சுற்றி இரும்புக் கூண்டு வைத்தால், நட்ட தேதியை ஒரு தகரத்தில் எழுதி அதில் கட்டிவிடுங்கள். தண்டு கம்பியைத் தொடுகிற வருடத்தில் கூண்டை அறுத்து எடுத்துவிட வேண்டும். எங்கள் தெருமுனையில் ஒரு புங்க மரம் தன் கூண்டின் மூன்று கம்பிகளை விழுங்கிவிட்டு நிற்கிறது. அதை வெட்டி எடுக்கத்தான் இந்த மாதம் மனு கொடுத்திருக்கிறோம். மரத்தை அல்ல, கம்பியை.